வீடு பார்க்க வந்த ஆறு பேர்

அவரிடம் நன்றி வாங்காமல் தப்புவது லேசான காரியம் இல்லை.

சண்டிலிப்பாயில் வீடு கட்டிக் கொடுக்கும் சின்னக் கொந்தராத்துக்காரர் அவர். ஒரு லொறி, ஒரு கந்தோர், பத்துப் பன்னிரண்டு வேலையாட்கள்; அவ்வளவுதான் அவருடைய கொம்பனி. கந்தோர் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது சந்திக்குக் கிட்ட ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. பின்னாளில் ஆறு வருடம் அந்த அறையில் இருந்து அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். ஆகவே அவரைப் பற்றிக் கதைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

பின்னேரம் வேலை முடிகிற நேரம் பார்த்துக் கட்டட வளவின் படலையில் போய் நிற்பார். மெலிந்து உயர்ந்த ஆள். காதில் பென்சில். தோணியில் நிற்பவர் போல இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நிற்பார். வெளியே போகிற ஒவ்வொருவரையும் மறித்து, அன்று அவர் செய்த வேலை இன்னது என்று சொல்லி, அதற்கு நன்றி சொல்லித்தான் விடுவார்.

"தம்பிராசா, அந்த மூலைக் கல்லை மூண்டு தரம் கழட்டித் திருப்பி வைச்சனீர், நான் பாத்தனான். நன்றி."

"பாக்கியமக்கா, மழை தூறேக்கை ஓடிப்போய்ச் சீமெந்துப் பையை மூடினது நீங்கள்தானே? நன்றி."

கடைசி ஆள் படலையைத் தாண்ட அரை மணித்தியாலம் ஆகும். பஸ் போய்விடப் போகிறதே என்று ஒரு நாள் தம்பிராசா மேசன் பின்மதிலால் ஏறிக் குதித்து ஓடிவிட்டார். அடுத்த நாள் காலையில் அவருக்கு இரண்டு நன்றி கிடைத்தது. ஒன்று முதல் நாள் வேலைக்கு. மற்றது, குதித்தும் மதிலை உடைக்காமல் போனதற்கு.

"என்னத்துக்கெண்டு சொல்லாமல் நன்றி சொல்லக் கூடாது, பிள்ளை. அது சும்மா வாயைத் திறந்து மூடுறது" என்று என்னிடம் சொல்வார். கடிதங்களிலும் அப்படித்தான். பலகை அனுப்பிய மரக்காலைக்காரருக்கு நான் இரண்டு வரியில் கடிதம் எழுதி வைத்தால், "பலகையை ஏத்தின பெடியன் சாக்குப் போட்டு ஏத்தினவன், ஒரு கீறல் இல்லை, அதை எழுதேல்லையே?" என்று கேட்பார். எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போல இருக்கும். ஆனால் எழுதுவேன்.

வடகரையில் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் தோணி வைத்திருந்தாராம். புதுத் தோணி தண்ணீரில் இறங்குகிற அன்று, பலகை அறுத்தவர், ஆணி அடித்தவர், பாய் தைத்த மனுசி என்று கைவைத்த எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்த பிறகுதான் தகப்பன் சொந்தக்காரர்களை ஏற விடுவாராம். மகன் கடலை விட்டுவிட்டு வீடு கட்ட வந்தார். பழக்கத்தை மட்டும் விடவில்லை.

வீடு கட்டி முடிந்து, குடிபூரல் நடந்து, ஒன்றிரண்டு மாதம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் பிடிப்பார். அந்த வீட்டைக் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு வீடு பார்க்கப் போவார். குடிபூரலன்று வேலையாட்களுக்குப் பின்வளவில் ஒரு சாப்பாடு போட்டு அனுப்புவதுதான் ஊர் வழக்கம். சுவர் எழுப்பியவர் அந்தச் சுவருக்குள் ஒரு கதிரையில் இருந்து பார்த்திருக்கமாட்டார். அதிலும் சிலர் வேலை முடிந்த பிறகு முன்வாசல் படியில் கால் வைக்கவே ஏலாது. சாதி அப்படி. அவர் அதைப் பற்றிப் பிரசங்கம் ஒன்றும் செய்ததில்லை. "மனுசர் இருக்கிற வீட்டைப் பாத்தால்தான் கட்டின ஆளுக்குக் கட்டின மாதிரி இருக்கும்" என்பார், காரின் கதவைத் திறந்து விடுவார். சில வீடுகளில் வரவேற்பு இருக்கும். சில வீடுகளில் படலையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் அசரமாட்டார், அடுத்த வீட்டுக்கும் போவார்.

இப்படி ஊரெல்லாம் நன்றி சொல்லித் திரிந்த மனிதருக்கு, தனக்கு யாராவது நன்றி சொன்னால் தாங்க ஏலாது. அதில் அவர் மகா கோழை.

எழுபதுகளில் சீமெந்துக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. அந்த நேரம் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைக்கு நாங்கள் கொங்கிறீட் கூரை போட்டுக்கொண்டிருந்தோம். கொங்கிறீட் போடத் தொடங்கினால் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் வெடித்துவிடும். மத்தியானம் போலக் கணித்துப் பார்த்தால் எட்டுப் பை குறைகிறது. கடைகளில் ஒரு பிடி சீமெந்து இல்லை. அவர் ஒரு கல்லில் குந்திக்கொண்டு தலையில் கைவைத்துவிட்டார். லொறி ஓட்டுகிற மணியம் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு மணித்தியாலத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாங்கள் வீடு கட்டிக் கொடுத்த ஆட்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கிணற்றுக் கட்டுக்கென்று வைத்திருந்த பையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு ரீச்சரம்மா கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த பையைக் கூலி கொடுத்து வண்டியில் அனுப்பினா. மூன்று மணிக்குள் பதினொரு பை சேர்ந்துவிட்டது. மிச்சமான மூன்றை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பதே பெரிய தலையிடி. ஒருவரும் தன்னுடைய பை திரும்பி வருவதை விரும்பவில்லை.

கூரை போட்டு முடிந்ததும், தலைமை ஆசிரியர் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, "இந்த வேளையிலே நமது கொந்தராத்துக்காரர் அவர்களுக்கு..." என்று தொண்டையைச் செருமினார். ஆள் மாயம். தேடிப் பார்த்தால், வெள்ளை வேட்டியோடு லொறிக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கிறார்.

"ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு, பாக்கிறன்" என்றார் கீழே இருந்தபடியே.

"அது உடைஞ்சு மூண்டு வருசம். இண்டைக்குத்தான் கண்டவர்" என்றான் மணியம்.

தலைமை ஆசிரியர் லொறியின் முன்சில்லைப் பார்த்து நன்றியுரையைச் சொல்லி முடித்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த மனிதர் என் கலியாணத்தைக் குழப்பிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. நான் அவரை முதன்முதலில் கண்டதே அன்றுதான்.

அது அறுபதுகளின் தொடக்கம். அப்பா மலைநாட்டில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தார். நான் வளர்ந்ததெல்லாம் ரயில்வே குவாட்டசில்தான். அப்பா ஓய்வுபெறுகிற காலத்துக்குச் சண்டிலிப்பாயில் ஒரு கல்வீடு கட்டுவித்தார். வீடு எனக்குச் சீதனம். கட்டுவித்தார் என்றால் கடிதத்தில் கட்டுவித்தார். ஊரில் இருந்த பெரியப்பா மேற்பார்வை, கொந்தராத்து இந்த மனிதருக்கு. மாதம் இரண்டு தரம் அவரிடம் இருந்து அப்பாவுக்குக் கடிதம் வரும்.

"கிணறு பதினாறடி ஆகிவிட்டது. பன்னிரண்டாம் அடியில் வந்த பாறையை மூன்று நாள் இருந்து உடைத்தவர் வேலன். முன்னறைச் சுவர் எழும்பிவிட்டது. எழுப்பியவர் தம்பிராசா. சாந்து சுமந்தவர் பாக்கியம். அவர் சுமந்த தாச்சியில் இருந்து ஒரு சொட்டு நிலத்தில் விழவில்லை."

"எத்தினை பை சீமெந்து முடிஞ்சது எண்டு கேட்டால், இந்த மனுசன் ஆக்களின்ரை சரித்திரம் எழுதுது" என்று அப்பா எரிந்து விழுவார். ஆனால் கடிதம் வரப் பிந்தினால் தபால் பையை அவரே போய்க் கிண்டுவார்.

வீடு முடிந்து, நாங்கள் வந்து குடிபுகுந்தோம். குடிபூரலன்று இவர் வேறு வேலையாகத் தீவுப்பக்கம் போயிருந்தார். அப்பாவுக்கு இவருடைய எழுத்துத் தெரியும், முகம் தெரியாது. பெரியப்பாவைச் சந்தியில் கண்டு, "ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கடை ஆக்களோடை வீடு பாக்க வரட்டோ?" என்று இவர் கேட்டிருக்கிறார். பெரியப்பா, நாங்கள் எல்லோரும் வழக்கமாகச் சொல்வதுபோல, "அதுக்கென்ன, வாங்கோவன்" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே மறந்தும் போனார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நான்கு சம்பந்தம் பேசி நான்கும் குழம்பிவிட்டது. ஐந்தாவது பண்டத்தரிப்பில், மிளகாய்த் தோட்டம் செய்கிற ஒரு குடும்பம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். படம் பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்துவிட்டது, இந்த வயதில் அதை ஏன் மறைக்க வேண்டும்? இதுவும் குழம்பிவிடக் கூடாதே என்று நான் கும்பிடாத கோயில் இல்லை. பெண் பார்ப்பதெல்லாம் அப்போது பெரும்பாலும் கோயிலில்தான் நடக்கும். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன், வீட்டையும் பார்க்க வேண்டும், வீட்டுக்கே வருகிறோம் என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்று முடிவாயிற்று. அவர்களுக்கு ஒழுங்கை தெரியாது என்று பெரியப்பா சந்தியில் போய்க் காத்து நின்றார்.

நான்கு மணிக்குப் படலையில் ஒரு கார் நின்றது. ஆறு பேர் இறங்கினார்கள். நான்கு பேர் தோய்த்து மினுக்கிய வெள்ளை வேட்டி. முன்னால் வந்த உயர்ந்த மனிதரின் கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் வெற்றிலையும். பச்சைச் சேலையில் ஒரு பெண். களிசான் போட்ட ஒரு இளைஞன், சட்டைப் பையில் பேனை.

அப்பா கைகூப்பி வரவேற்றார். அம்மா பச்சைச் சேலைக்காரியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தா. அந்த அம்மா வரும் வழியிலேயே சுவரைத் தடவிப் பார்த்தா, கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு இளகின மனம், என்ரை பிள்ளைக்கு நல்ல மாமி" என்று அம்மா குசினிக்குள் வந்து என் காதில் சொன்னா. மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் யன்னலைத் திறந்து பூட்டினார். ஒருவர் நிலத்தைக் குனிந்து பார்த்தார். ஒருவர் மூலைக்குப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் நேரைப் பார்த்தார். சீதன வீடு பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் இதைவிட மோசமாகவும் செய்வார்கள். எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒரு வயதான மனிதர் மட்டும் கதிரையின் நுனியில், எழும்பி ஓட ஆயத்தமாக இருப்பவர் போல இருந்தார்.

நான் தட்டத்தில் பித்தளைப் பேணிகளில் கோப்பியும், பயற்றம் பணியாரமும் கொண்டு வந்தேன். களிசான்காரனைக் கடைக்கண்ணால் பார்த்தேன். படத்தில் இருந்த முகம் இல்லை. ஆனால் படத்தை நம்ப முடியாதே, மீசையும் நன்றாகத்தான் இருந்தது. அவன் பெயர் மணியம், லொறி ஓட்டுபவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"வீடு நல்லாயிருக்கோ?" என்று அப்பா கேட்டார்.

"கிணத்துத் தண்ணி எப்பிடி ஐயா? உப்புத் தட்டுதோ?" என்று நுனிக் கதிரைக்காரர் திருப்பிக் கேட்டார். அவருக்கு அது பெரிய கவலையாக இருந்தது.

அந்த நேரம்தான் பெரியப்பா, உண்மையான மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு படியேறினார். தகப்பன், தாய், மாப்பிள்ளை, மூன்று பேர். பெரியப்பாவின் வாய் திறந்தபடி நின்றது.

"எடேய் வேலன்! நீ இஞ்சை கதிரையிலை இருந்து என்ன செய்யிறாய்?"

வேலன் பணியாரத்தை வாயில் வைத்தபடியே எழும்பிவிட்டார். விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் நின்ற அந்த முகத்தை நான் மறக்கவில்லை. வாழைப்பழம் கொண்டுவந்த மனிதர் மட்டும் இருந்த இடத்தில் இருந்தபடி, "நாங்கள் வீடு கட்டின ஆக்கள். வீடு பாக்க வந்தனாங்கள். நீங்கள்தானே வாங்கோவன் எண்டனீங்கள்?" என்றார். பிறகு எழும்பி, அப்பாவுக்கு ஒவ்வொருவரையும் காட்டினார். "இவர் தம்பிராசா மேசன். இவ பாக்கியமக்கா. இவர் தச்சுவேலை செய்தவர். தம்பி மணியம் கல்லும் மணலும் ஏத்தினது. இவர் வேலண்ணை."

அப்பாவின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்பதையே மறந்துவிட்டார். "பன்னிரண்டாம் அடியிலை பாறை உடைச்ச வேலனோ? ஒரு சொட்டும் விழாமல் சாந்து சுமந்த பாக்கியமோ?" என்று, ரயிலில் வந்து இறங்கிய சொந்தக்காரர்களைக் கேட்பது போலக் கேட்டார்.

எனக்குப் பின்னால் நின்ற பெரியம்மா என் முழங்கையைக் கிள்ளினா. "பேணியளை வாங்கு. முதலிலை பேணியளை வாங்கு!"

நான் வாங்கவில்லை. தட்டத்தைக் கொண்டுபோய் வேலனுக்கு முன்னால் நீட்டி, "இன்னொண்டு எடுங்கோ" என்றேன். நீதி நியாயம் எல்லாம் யோசித்துச் செய்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். பெரியம்மா கிள்ளியது நொந்தது, அந்தக் கோபம்தான். அதோடு, அந்த மனிதர் அப்படியே ஓடிவிடுவார் போல இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் செருப்பைக் கழற்றவில்லை. தகப்பன், "நாங்கள் இன்னொரு நாளைக்கு வாறம்" என்று சொல்லித் திரும்பினார். "இவையும் இருக்கட்டும், நீங்களும் வாங்கோ" என்று அப்பா பின்னால் ஓடினார். பலிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் படலையில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். என்னையா வீட்டையா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். "அவைக்கு உந்தச் சம்பந்தம் சரிவராதாம்" என்றார். அம்மா அழுதா. பெரியம்மா அந்தப் பேணிகளை மறுபடியும் சாம்பல் போட்டு மினுக்கினா, அது மூன்றாந்தரம். நான் கிணற்றடியில் போய் நின்றேன். ஐந்தாவதும் போயிற்று.

செய்தி ஊரில் பரவிக் கொந்தராத்துக்காரரின் காதுக்கும் எட்டியது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். நான் விறாந்தையில் நின்றேன்.

"நன்றி சொல்ல வந்து என்ரை கலியாணத்தைக் குழப்பிப் போட்டியள்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"ஓம் பிள்ளை. சரியாச் சொன்னீர்" என்றார். சாட்டுப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. காதில் இருந்த பென்சிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்கள் ஆறு பேரும் சேந்து செய்த பிழை. ஆறு பேரும் போய்க் கதைக்கிறம்."

"ஐயோ, ஆறு பேரும் வேண்டாம், நீங்கள் மட்டும் போங்கோ" என்று அப்பா மன்றாடினார். யார் கேட்டது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கார், அதே ஆறு பேர், இன்னொரு சீப்புக் கதலி. பண்டத்தரிப்பில் நடந்ததை மணியமும் பாக்கியமக்காவும் எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் அநேகமாக ஒத்துப்போகிறது.

அவர்களை ஒருவரும் இருக்கச் சொல்லவில்லை. முற்றத்தில் நின்றார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் விறாந்தையில் இருந்தபடி, "நீர் வந்து சொல்லி நாங்கள் சம்பந்தம் செய்யிற நிலையிலை இல்லை" என்றார். அவருக்கு வேறு எரிச்சலும் இருந்தது. ஆவணி வெயில். கிணற்றில் தண்ணீர் வற்றி, இறைக்கிற மிசின் அரை மணித்தியாலத்திலேயே காற்றை இழுக்கத் தொடங்கியிருந்தது. மிளகாய்த் தோட்டம் கண்ணுக்கு முன்னால் வாடிக்கொண்டிருந்தது.

வேலனுக்குக் கிணறு கண்டால் கால் நிற்காது. கொஞ்சம் தள்ளி நின்றபடி எட்டி உள்ளே பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஐயா, வடக்குப் பக்கத்து ஊத்து இன்னும் திறக்கேல்லையோ?"

"எந்த ஊத்து?"

"இது என்னைப் பெத்த அப்பு தோண்டின கிணறு. நான் அப்ப சின்னன். வடக்குப் பக்கத்தாலை தண்ணி பீறிட்டு வந்ததாம். நிண்டு வேலை செய்யேலாமல், சாக்கைத் திணிச்சுக் கல்லை இறுக்கி அடைச்சவராம். வேலை முடிய எடுப்பம் எண்டு. மற்றப் பக்கத்தாலையும் தண்ணி வந்திட்டுது. உடனை ஐயர் வந்து பூசை செய்தார். அதுக்குப் பிறகு அப்புவைக் கிணத்தடிக்கு விடேல்லை, தீட்டெண்டு. அப்பு உங்கடை படலையிலை நிண்டு, கல்லை எடுக்கவேணும், கல்லை எடுக்கவேணும் எண்டு கத்தினவராம். சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்."

விறாந்தையில் இருந்தவர் எழும்பி வந்தார். கிணற்றுக் கட்டில் கையூன்றி உள்ளே பார்த்தாராம். பிறகு, "எனக்கு ஞாபகம் இருக்கு. நானும் இதிலைதான் நிண்டனான். கூலி காணாதெண்டு கத்துறான் எண்டு எங்கடை அப்பு நாயை அவிட்டு விட்டவர்" என்றார். வேலனைப் பார்த்து, "இறங்கிப் பாக்கிறீரோ?" என்று கேட்டார்.

வேலன் தன் கொந்தராத்துக்காரரைப் பார்த்தார். "உங்கடை விருப்பம், வேலண்ணை. இறங்கத்தான் வேணுமெண்டில்லை" என்றார் அவர். வேலன் வேட்டியை மடித்துக் கட்டினார். கயிற்றின் ஒரு பக்கத்தை மணியம் பிடித்தான். மற்றப் பக்கத்தை, ஒருவரும் கேட்காமலே வந்து, மாப்பிள்ளை பிடித்தார். அலவாங்கு கல்லில் படுகிற சத்தம் ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்ததாம். பிறகு வேலனின் சிரிப்புக் கேட்டதாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாராம். மேலே வந்ததும் தேத்தண்ணி வந்தது. மாப்பிள்ளையின் தாயே கொண்டுவந்து கொடுத்தா. ஆனால் வேலனுக்கு மட்டும், மற்றவர்களுக்குக் கொடுத்தது போல இல்லாமல், ஒரு தகரப் பேணியில்தான் கொடுத்தா. அதையும் பாக்கியமக்கா சொல்லத் தவறவில்லை.

"உமக்கு நான் என்ன செய்யவேணும்?" என்று தகப்பன் கொந்தராத்துக்காரரைக் கேட்டார்.

"எனக்கென்ன? இறங்கினவரைக் கேளுங்கோ."

வேலன் தலையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, ஐயா. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க எனக்கு ரெண்டாந்தரமும் பணியாரம் தந்தது" என்றார்.

"எனக்கும் விருப்பம் அதுதான்" என்றாராம் மாப்பிள்ளை, கயிற்றைச் சுற்றிக்கொண்டு.

தகப்பன் மிளகாய்த் தோட்டத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "சரி, பொம்பிளை வீட்டை ஆர் சொல்லுறது? தரகரை அனுப்பட்டோ?" என்றார்.

"ஏன் தரகர்? வேலண்ணை இருக்கிறாரே" என்றார் இவர்.

அன்று பின்னேரம் எங்கள் படலையில் கார் வந்து நின்றபோது, இறங்கியது வேலன் மட்டும்தான். மற்ற ஐந்து பேரும் காருக்குள் இருந்து கழுத்தை நீட்டினார்கள். ஈரத் தலை, வேட்டியெல்லாம் சேறு. முற்றத்தில் நின்று, "அவைக்குச் சம்மதமாம். மாப்பிள்ளையின்ரை தேப்பன் என்னட்டைத்தான் சொல்லிவிட்டவர்" என்றார்.

விறாந்தையில் நின்றது பெரியம்மா. கலியாணச் சேதி கொண்டுவந்தவரை முற்றத்தில் நிற்பாட்டி அனுப்பினால் பிள்ளைக்குக் கூடாது. வேலனைப் படியேற விட்டால் அதுவும் கூடாது. பெரியம்மா இரண்டுக்கும் நடுவில் நின்று பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். கடைசியில் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் போட்டா.

"இரும்" என்றா, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. "தண்ணி குடிக்கிறீரோ?"

"தண்ணிக்குள்ளை நிண்டுதானம்மா வாறன். தேத்தண்ணி இருந்தால் தாங்கோ."

அம்மா அழுதுகொண்டே தேத்தண்ணி ஊற்றினா. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. படலையில் திரும்பிப் பார்த்தது என்னைத்தான் என்று என் கணவர் இன்றைக்கும் சாதிக்கிறார். நான் நம்புவதாகக் காட்டிக்கொள்வதில்லை.

அப்பா திடீரென்று, "எங்கை அந்த மனுசன்?" என்று கேட்டுச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு படலைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். கொந்தராத்துக்காரர் காரின் முன்சீற்றில் இருந்தார். அப்பா வருகிற வேகத்தையும் முகத்தையும் பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது.

"மணியம், காரை எடும். எடும், எடும்!"

மணியம் திறப்பைத் திருப்பினான். கார் இருமியது, நின்றது. மறுபடியும் இருமியது, நின்றது. அப்பா காரின் கதவைப் பிடித்துவிட்டார்.

"இறங்குங்கோ. உங்களுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவேணும்."

"பிறகு, பிறகு. அவசரமா ஒரு இடத்துக்குப் போகவேணும்."

"அப்ப தள்ளிவிடுறம். தள்ளிக்கொண்டு சொல்லுறம்" என்றார் அப்பா.

அப்பா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம். வேலன் தேத்தண்ணியைப் படலைத் தூணில் வைத்துவிட்டு ஓடி வந்தார். அம்மா வந்தா. கலியாணம் பேசின பெண் ஒழுங்கையில் இறங்கக் கூடாது என்று தடுக்க வந்த பெரியம்மா, நான் அதற்குள் இறங்கிவிட்டதைக் கண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் வந்து பின்பக்கத்தில் கைவைத்தா. கார் மெல்ல உருண்டது. "என்ரை பிள்ளைக்கு நீங்கள்..." என்று அப்பா தொடங்கினார். மூச்சு வாங்கியது. "நீங்கள் செய்த..." என்றார் மறுபடியும்.

கொந்தராத்துக்காரர் யன்னலால் தலையை வெளியே போட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஐயா, நேராத் தள்ளுறது நீங்கள்தானே? நன்றி! பெரியம்மா, அந்த மதகிலை கார் நிண்டுபோகாமல் தம் பிடிச்சுத் தள்ளினீங்கள், கண்டனான், நன்றி! பிள்ளை, வெறுங்காலோடை..." கார் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரைக்கும் அவர் எங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நன்றி கத்திக்கொண்டே போனார். நாங்கள் சொல்ல வந்ததைச் சொல்ல விடவே இல்லை.